கூர்ப்பு (பரிணாமம்): ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் செயற்பாட்டுப் பயிற்சி. எதை வைப்பது, எதை விடுவது?

#1 கரும்பலகை

கொழும்பில் தமிழ்மூல ஆசிரியர்கள் 24 பேருக்குக் கூர்ப்பு அலகில் பயிற்சி வைக்க வேண்டும். பாதிப் பேர் உயர்தர உயிரியல், மீதிப் பேர் 10, 11ஆம் தர விஞ்ஞானம். இரண்டு சனிக்கிழமைகள், காலை 8.30 முதல் 3.30 வரை. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம். விரிவுரை வேண்டாம். ஆசிரியர் திங்கட்கிழமையே 40 நிமிடப் பாடவேளையில் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆய்வுகூடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள முடியாது. மேசை, கதிரை, ஃபான், அவ்வளவுதான்.

உயர்தரப் பாடத்திட்டத்தில் அலகு 3இல் கூர்ப்பு, அலகு 6இல் பிறப்புரிமையியல் என்ற ஒழுங்கையும் யோசியுங்கள். எதிருரு (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்குத்தான் முதலில் இயற்கைத் தேர்வு வருகிறது.

#2 நெருஞ்சி

முதல் 20 நிமிடம் யாரும் பேசக்கூடாது. வந்தவுடன் ஒரு தாளைக் கொடுத்து எழுதவிடுங்கள்: "பத்து ஆண்டாக ஒரே பூச்சிகொல்லி. முதலாம் ஆண்டு 100 நுளம்பில் 2 தப்பின, பத்தாம் ஆண்டு 60 தப்பின. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் திறந்த மருந்து, அதே செறிவு. ஏன் இப்படி?" ஐந்து வரி போதும். பெயர் எழுத வேண்டாம். சேர்த்து வைத்துவிடுங்கள். இரண்டாம் சனிக்கிழமை அதே கேள்வியைத் திரும்பக் கொடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுதான் உங்கள் அளவீடு. பல்தேர்வாகத்தான் வேண்டும் என்றால் 2002இல் வெளிவந்த 20 வினா இயற்கைத் தேர்வுக் கருத்துப் பரீட்சை இருக்கிறது. ஆனால் மொழிபெயர்க்கும்போது பிழையான விடைகளின் கவர்ச்சி போய்விடும். பிழையான விடை பிள்ளையின் வாயிலிருந்து வருவதுபோல இல்லாவிட்டால் அந்த வினாவால் பயனில்லை.

மேலே "புதிதாகத் திறந்த மருந்து" என்று ஏன் போட்டேன் என்று கவனியுங்கள். போடாவிட்டால் பாதிப் பேர் "மருந்தின் வீரியம் குறைந்தது" என்று எழுதுவார்கள். அது பிழை என்று நாம் சொல்லவும் முடியாது.

அதன்பிறகு ஒவ்வொரு செயற்பாட்டையும் மூன்று தரம் கடக்க வேண்டும். முதலில் மாணவராக இருந்து செய்வது. பிறகு ஆசிரியராக நின்று பிரித்துப் பார்ப்பது: எந்த இடத்தில் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, கேட்காவிட்டால் என்ன போயிருக்கும்? கடைசியாக வேறொரு குழுவுக்குத் தானே நடத்திக்காட்டுவது. பயிற்சிகளில் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லாரும் மகிழ்ச்சியாக விளையாடிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, திங்கட்கிழமை பழையபடி குறிப்புச் சொல்லி எழுதுவிப்பார்கள்.

#3 குடம்பி

முதல் செயற்பாட்டுக்கு துணியும் புள்ளிகளும்தான் மலிவு. புறக்கோட்டையில் பூப்போட்ட துணி ஒன்றரை மீற்றர், நிறத்தாள், தாள்துளைகருவி. ஐந்து நிறம், நிறத்துக்கு 20 புள்ளி, மொத்தம் 100. துணியில் தூவுங்கள். நான்கு பேர் பறவைகள். முதுகைக் காட்டி நின்று, திரும்பி, கண்ணில் படும் முதல் புள்ளியை எடுத்து, மீண்டும் முதுகைக் காட்ட வேண்டும். 75 எடுத்து முடிந்ததும் நிறுத்துங்கள். மிச்சம் 25. அதை நிறவாரியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று குஞ்சு சேர்த்தால் மறுபடி 100. இப்படி மூன்று சந்ததி. எண்ணிக்கையைச் சலாகை வரைபாக அப்போதைக்கப்போதே கீற வேண்டும்.

பிழைக்கும் இடங்களைச் சொல்கிறேன். ஃபானை நிறுத்துங்கள், கொழும்பு வெயிலில் இதற்கு எதிர்ப்பு வரும், ஆனால் ஒரு சுற்றுச் சுற்றினால் குடித்தொகையே பறந்துவிடும். பிறிஸ்டல் போட் சிலவற்றில் ஒரு பக்கம்தான் நிறம். புள்ளி கவிழ்ந்தால் வெள்ளை தெரியும், பறவை அதைத்தான் எடுக்கும், உங்கள் முடிவு குப்பை. மினுங்கும் தாளும் அப்படியே. சாதாரண மெல்லிய தாள் வியர்த்த விரலில் இரண்டு மூன்றாக ஒட்டி வரும். இருபக்கமும் நிறமுள்ள 120 கிராம் தாள் சரியாக இருக்கும், மூன்றாக மடித்துத் துளைத்தால் ஒரு அழுத்தத்துக்கு ஆறு புள்ளி.

ஒரு குழுவுக்கு நிறத்துக்கு 100 வீதம் 500 புள்ளி தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் சந்ததியில் வென்ற நிறத்துக்குக் குஞ்சு போதாமல் நின்றுவிடும். ஆறு குழுவுக்கு 3000 புள்ளி, அதாவது 500 அழுத்தம். காலையில் வந்து தொடங்க முடியாது.

#4 சவ்வரிசி

40 நிமிடத்தில் மூன்று சந்ததி முடியுமா சேர்? தூவுவது, எடுப்பது எல்லாம் இரண்டு மூன்று நிமிடம்தான். எண்ணிப் பிரிக்கத்தான் ஆறு ஏழு நிமிடம் போகும்.

#5 குடம்பி

@சவ்வரிசி ஒரு குழுவில் ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு நிறம் எண்ணட்டும், மூன்று நிமிடத்தில் முடியும். சேமிப்புப் புள்ளிகளை நிறத்துக்கு ஒரு யோகட் கோப்பை என்று பிரித்து வைத்திருந்தால்தான் அது. தனிப்பாடவேளை என்றால் இரண்டு சந்ததியோடு நிறுத்தி, மூன்றாவதை எதிர்வுகூறச் சொல்லுங்கள். அது இன்னும் நல்லது.

சொல்ல மறந்தது: அரைவாசிக் குழுக்களுக்கு வேறு துணி கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே துணி என்றால் "பச்சைதான் சிறந்தது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். பக்கத்து மேசையில் பச்சை அழிந்துபோயிருப்பதைக் கண்டால்தான், சிறந்தது என்று பொதுவாக ஒன்று கிடையாது என்பது ஏறும்.

#6 நெருஞ்சி

புள்ளி தூவுவதற்கு அடுத்ததாக எல்லாரும் கையில் எடுப்பது பறவைச் சொண்டு விளையாட்டு. வழமையாக நடத்தும் விதத்தில் அதை வைக்கவே கூடாது என்பது என் கட்சி. சாவணம், உடுப்புக் கிளிப், யோகட் கரண்டி என்று ஆளுக்கொன்று கொடுத்து, பயறும் கடலையும் பொறுக்கச் சொல்லி, யார் கூடப் பொறுக்கினார் என்று கேட்டு முடித்துவிடுவார்கள். அதில் மாறல் இருக்கிறது, போட்டி இருக்கிறது, இனப்பெருக்கம் எங்கே? கருவி பிள்ளைக்குப் பிறப்பதில்லை. போதாததற்கு கை வேகமான பிள்ளை எந்தக் கருவியிலும் வெல்லும்.

திருத்தினால் பயன்படும். ஒரு தட்டில் 60 பயறு, 60 கொண்டைக்கடலை. வயிறு என்பது யோகட் கோப்பை, அது மேசையிலேயே நிமிர்ந்து நிற்க வேண்டும். தட்டுக்குள் சரித்து வாரக்கூடாது. சுற்றுக்கு 30 செக்கன். பத்துக்குக் குறைவாகப் பொறுக்கியது இறக்கும். இறந்தவர் தப்பிய ஒன்றின் குஞ்சாக, தப்பியதன் வகைக் கருவியோடு, மீண்டும் வருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆட்கள் கருவியைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும், இந்தக் கைமாற்றத்தால் ஒவ்வொரு வகைக் கருவியின் எண்ணிக்கை மட்டும் மாறக்கூடாது. இரண்டாம் சுற்றோடு பயறை எடுத்துவிடுங்கள்: வறட்சி. கரண்டியை ஆரம்பத்திலேயே விலக்குங்கள், அது எல்லாவற்றையும் வாரிவிடும்.

இதை முடித்தவுடன் கலாபகோஸ் தீவுக்கூட்டத்து டாஃப்னி மேஜர் தீவின் தரவைக் கையில் கொடுங்கள். 1977 வறட்சியில் சிறிய விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியவற்றில் நம்மூர் நெருஞ்சியின் அதே சாதியைச் சேர்ந்த செடியின் கடினமான காயும் ஒன்று. சொண்டு ஆழமான நடுத்தர நிலக் குருவிகள் கூடுதலாகத் தப்பின. அங்கே ஆய்வு செய்த உயிரியலாளர்கள் பீற்றர் கிராண்டும் றோஸ்மேரி கிராண்டும் அளந்தது தப்பியவற்றை மட்டுமல்ல, அடுத்த ஆண்டுக் குஞ்சுகளையும். அவற்றின் சொண்டும் வறட்சிக்கு முந்திய சராசரியைவிட ஆழம். 1983 பெருமழைக்குப் பிறகு சிறு விதை பெருகியபோது தேர்வு எதிர்ப்பக்கம் திரும்பியது. இந்தக் கடைசிப் பகுதியை விடாதீர்கள். "கூர்ப்பு முன்னேறிக்கொண்டே போகும்" என்ற நினைப்பை உடைக்க இதைவிடச் சுருக்கமான தரவு கிடையாது.

#7 ஆசிரியர்_மேசை

ஒரு மாற்றுக் கருத்து. கருவிகளை விடுங்கள், முதலில் பயிற்றுநரின் வாயைத் திருத்த வேண்டும். தமிழில் "கொள்" என்ற துணைவினை இந்த அலகில் செய்யும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. "நுளம்பு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டது", "ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது." வாக்கியத்திலேயே இலாமார்க் (வாழும்போது பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்றவர்) உட்கார்ந்திருக்கிறார். விலங்கு யோசித்து, தீர்மானித்து, மாறுகிறது. நூறு புள்ளியைத் துணியில் தூவிவிட்டு முடிவை ஆசிரியர் இப்படிச் சொன்னால் அந்த 40 நிமிடமும் வீண்.

பயிற்சியில் 30 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். குறிப்புக்கொப்பிகளில் வழமையாக வரும் வாக்கியம் பத்து எடுத்து, எழுவாயை மாற்றி எழுதச் சொல்லுங்கள். "எதிர்ப்புள்ள நுளம்புகள் ஏற்கெனவே சில இருந்தன, தெளித்தபோது அவை கூடுதலாகத் தப்பின, அடுத்த சந்ததிக் குடம்பிகளில் அவற்றின் பிள்ளைகள் கூடுதல்." நீளம்தான். ஆனால் மாறல், தப்புதல், மரபுரிமை மூன்றும் உள்ளே இருக்கின்றன. பிள்ளை சுருக்கமாகப் பேசும்போது ஒரே கேள்வி: "மாறியது தனியனா, குடித்தொகையா?"

#8 சவ்வரிசி

ரீச்சர் சொல்வது சரி, ஆனால் "கூர்ப்பு" என்ற சொல்லே கூர்மையாவதைத்தானே காட்டுகிறது? "பரிணாம வளர்ச்சி" என்றால் இன்னும் மோசம், வளர்ச்சியே வந்துவிடுகிறது. பாடநூற் சொல்லை மாற்ற முடியாது. பிள்ளையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடித்துத் திருத்தினால் பிள்ளை வாயே திறக்காது.

#9 ஆசிரியர்_மேசை

@சவ்வரிசி ஒத்துக்கொள்கிறேன். திருத்துவது ஆசிரியரின் வாக்கியத்தை. பிள்ளையிடம் கேள்வி மட்டும். "வலியது வாழும்" என்பதையும் அந்தப் பத்தில் சேருங்கள். தகவு என்பது எத்தனை பிள்ளை அடுத்த சந்ததிக்குப் போனது என்பது. பயில்வான் கணக்கு அல்ல.

#10 கரும்பலகை

நல்லது. எழுவாய் மாற்றும் வேலையைச் செயற்பாட்டுக்கு முன் வைப்பதா, பின்னா?

#11 நெருஞ்சி

பின். தங்கள் சொந்த விடைத்தாளில் அதே வாக்கியம் இருப்பதை அவர்களே காண வேண்டும்.

#12 குடம்பி

எழுந்தமான நகர்வுக்கு (தேர்வு இல்லாமல், தற்செயலால் மட்டும் குடித்தொகையில் வகைகளின் பங்கு மாறுவது) வருவோம். தேர்வை மட்டும் படிப்பித்தால், நடக்கும் எல்லா மாற்றத்துக்கும் பிள்ளை ஒரு "பயன்" கண்டுபிடிக்கும். ஒரு பையில் 50 சிவப்புக் கௌபி, 50 வெள்ளைக் கௌபி. பாராமல் 10 எடுக்கவும். 7 சிவப்பு வந்தால் பையை 70 சிவப்பு, 30 வெள்ளையாக மாற்றி மறுபடி 10. ஐந்து சந்ததி. யாரும் யாரையும் தின்னவில்லை, ஆனால் சில மேசைகளில் ஒரு நிறம் முழுக்கக் காணாமற்போகும் நிலைக்கு வரும்.

எடுக்குமுன் கேளுங்கள்: எத்தனை குழுவுக்கு 5–5 வரும்? பெரும்பாலோர் "எல்லாருக்கும் கிட்டத்தட்ட" என்பார்கள். சரியாக 5–5 வரும் நிகழ்தகவு ஏறத்தாழ நான்கில் ஒன்று. எட்டு மேசைகளில் இரண்டுக்குத்தான் எதிர்பார்க்கலாம். பிறகு ஒரு மேசைக்கு மட்டும், ஒவ்வொரு விதையையும் திரும்பப் போட்டு 100 தரம் எடுக்கும் வேலையைக் கொடுங்கள். 10 எடுக்கும்போது சிவப்பின் மீடிறனின் (மொத்தத்தில் அதன் பங்கின்) நியம விலகல் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.16 அளவு, 100 எடுக்கும்போது 0.05. சிறிய குடித்தொகையில் ஏன் ஆட்டம் பெரிது என்பது அந்த ஒரு மேசையின் கோட்டைப் பார்த்தாலே தெரியும்.

கவனம்: சிவப்பும் வெள்ளையும் பருமனில் வேறுபட்டால் விரல் தெரிந்தெடுக்கும், அப்புறம் அது நகர்வு அல்ல, தேர்வு. சுளகில் புடைத்துச் சம பருமன் பார்த்து எடுங்கள். இதில் "எதிருரு" என்ற சொல் தேவையில்லை, "நிற வகை" போதும். அலகு 6இல் ஹார்டி–வைன்பேர்க் விதி (தேர்வோ நகர்வோ இல்லாதபோது எதிருருக்களின் விகிதம் மாறாது என்பது) வரும்போது அதே பையை எடுத்து, இம்முறை சோடி சோடியாக எடுத்தால் பிறப்புரிமையமைப்பு (எதிருருச் சோடி) மீடிறன் கிடைத்துவிடும். கரும்பலகை கேட்ட ஒழுங்குச் சிக்கலுக்கு என்னிடம் இருக்கும் விடை இதுதான்.

#13 புதிய_ஆள்

நுளம்பு உதாரணத்துக்கு இலங்கை மலேரியாவையே எடுக்கலாமே. 1963இல் 17 பேருக்குத்தான் நோய், பிறகு டீ.டீ.ரீ. என்ற பூச்சிகொல்லிக்கு எதிர்ப்பு வந்து 1968 அளவில் பெரும் தொற்று.

#14 நெருஞ்சி

இந்த வரிசையைத்தான் சொல்லக்கூடாது. 17 சரி. ஆனால் தொற்று மீண்டதற்கு முதன்மைக் காரணம் தெளிப்பை நிறுத்தியதும் கண்காணிப்புத் தளர்ந்ததும். டீ.டீ.ரீ. எதிர்ப்பு அறிக்கையானது 1969இல், திரும்பவும் தெளிக்கத் தொடங்கிய பிறகு. 1977இல் மலத்தியன் என்ற வேறு பூச்சிகொல்லிக்கு மாறினார்கள். எதிர்ப்பு உண்மையான கூர்ப்பு உதாரணம். தொற்று மீண்டது நிர்வாக உதாரணம். இரண்டையும் ஒன்றாக்கினால் பிள்ளை பிழையான காரணகாரியத்தைப் பாடமாக்கும். ஆண்டுகளை அட்டைகளாக வெட்டிக் கொடுத்து "எது எதற்குக் காரணமாக இருக்க முடியாது?" என்று கேளுங்கள். 15 நிமிட வேலை, சான்றை வாசிக்கப் பழக்கும்.

#15 சவ்வரிசி

யாரும் தொடாத விடயம். தமிழ்மூல வகுப்பில் சைவம், கத்தோலிக்கம், இஸ்லாம் மூன்றும் ஒரே வாங்கில் இருக்கும். "மனிசன் குரங்கிலிருந்தா வந்தவன் மிஸ்?" என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்தில் வரும். ஆசிரியர்களில் சிலருக்கே மனத்தடை இருக்கும். அதற்கு என்ன பயிற்சி?

#16 ஆசிரியர்_மேசை

கேள்வியைத் தட்டிவிடக்கூடாது, அங்கேயே வாதிடவும் கூடாது. கரும்பலகை மூலையில் எழுதி "இதற்கு மூன்றாம் பாடவேளையில் வருவோம்" என்று சொல்லி, கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த கேள்வி வராது. ஆசிரியர் சொல்ல வேண்டிய வரி: "நம்பச் சொல்லவில்லை; விஞ்ஞானம் என்ன சான்றைக்கொண்டு என்ன சொல்கிறது என்று விளக்கத் தெரிய வேண்டும்." அதேநேரம் "இது வெறும் ஒரு கொள்கைதான்" என்று நழுவுவதும் பிழை. கட்சிக்கும் கொள்கை இருக்கிறது, அணுவுக்கும் கொள்கை இருக்கிறது; தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இதைப் பிரித்துக் காட்டத்தான் வேண்டும்.

பயிற்சியில் சோடியாக நடித்துப் பாருங்கள். ஒருவர் கேட்கும் மாணவர், மற்றவர் 60 செக்கனில் விடை சொல்ல வேண்டும். எந்த மதத்தின் பெயரும் விடையில் வரக்கூடாது.

#17 குடம்பி

மனிதக் கூர்ப்பைக் கடைசியில் வைத்தால் சிக்கல் குறையும். நுளம்பு, குருவி, நமது பற்றைத் தவளைகள், திமிங்கிலம், பிறகு மனிதன்.

#18 நெருஞ்சி

அங்கேதான் உடன்பாடில்லை. கடைசிக்குத் தள்ளினால் நேரம் போதாமல் விடுபடும், பிள்ளைக்குக் கேள்வி அப்படியே நிற்கும். நடுவில் வைக்கலாம். மண்டையோட்டுப் படங்களைப் போட்டோகொப்பி எடுக்கும்போது மட்டும் அளவுத்திட்டம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பக்கத்துக்குப் பொருந்துமாறு பெருப்பித்தால் அவுஸ்திரலோபிதிக்கசுக்கும் (ஆபிரிக்காவின் ஆதி மனித இன உறவு) நமக்கும் மூளை ஒரே அளவாகத் தெரியும். பலாங்கொடை மனிதனை (இலங்கையில் எலும்புகள் கிடைத்த வரலாற்றுக்கு முந்திய மனிதன்) அந்த வரிசையில் "இடைநிலை"யாக வைக்கும் பிழையும் அடிக்கடி நடக்கிறது. அவர் முழுமையான ஹோமோ சேப்பியன்ஸ், நம்மைப்போல.

#19 கரும்பலகை

சரி, இருவர் சொல்வதையும் குழுக்களுக்கே விட்டுவிடுகிறேன். 45 பிள்ளை உள்ள வகுப்பில் கலந்துரையாடல் எப்படி? குழு வேலை என்றாலே சத்தம் என்று பயப்படுகிறார்கள்.

#20 ஆசிரியர்_மேசை

வாக்கெடுப்பு முறை பழக்குங்கள். ஏ4 தாளை நான்காக மடித்து, மூலைக்கு ஒன்றாக அ, ஆ, இ, ஈ. பிள்ளை விடையை நெஞ்சோடு பிடிக்க வேண்டும், தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசைப் பிள்ளை பார்த்துத் தன் விடையை மாற்றும். சரியான விடை 30 முதல் 70 வீதத்துக்குள் என்றால் பக்கத்தில் வேறு விடை வைத்திருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசி மீண்டும் வாக்கு. 30க்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, விளக்கத்துக்குத் திரும்புங்கள். 70க்கு மேல் என்றால் ஒரு வரி சொல்லிவிட்டு நகருங்கள். முதல் வாக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆசிரியர் விடையைச் சொல்லிவிடுவதுதான் இங்கே வழமையான பிழை. முகத்தாலும் சொல்லக்கூடாது.

கேட்டபின் காத்திருக்கும் நேரத்தை அளந்து காட்டுங்கள். வழமையாக ஒரு செக்கன்தான். மூன்று செக்கனாக்கினாலே விடைகள் நீளும் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் றோ எப்போதோ காட்டிவிட்டார். பயிற்சியில் ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் பின்னால் இருந்து செல்ஃபோனில் நேரம் பிடிக்கட்டும்.

#21 புதிய_ஆள்

இப்படிப் படிப்பித்தால் பெறுபேறு கூடும் என்பதற்குச் சான்று உண்டா? அதிபர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

#22 நெருஞ்சி

2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்பில் சித்தியடையாதோர் சுமார் 34 வீதம், செயற்பாட்டு வகுப்பில் 22 வீதம். ஆனால் அது முழுக்கப் பல்கலைக்கழக விஞ்ஞான, கணித வகுப்புகள். அதிபரிடம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடுவில் இருக்கும் மூன்று வாரத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு செயற்பாட்டைத் தன் வகுப்பில் நடத்தி, பத்து மாணவரின் எழுத்து விடையோடு வர வேண்டும். படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். சிரிக்கும் பிள்ளைகளின் படம்தான் வரும். விடைத்தாள் பொய் சொல்லாது. இரண்டாம் சனிக்கிழமை காலை முழுக்க அந்தத் தாள்களைத் தரம் பிரிப்பதுதான் வேலை.

#23 கரும்பலகை

கூர்ப்பு மரம் வாசிப்பது விட்டுப்போகிறது. வலப்பக்க நுனியில் இருப்பதுதான் "உயர்ந்தது" என்று ஆசிரியர்களே வாசிக்கிறார்கள்.

#24 குடம்பி

தாளில் கீறினால் அந்தப் பழக்கம் போகாது, தொங்கவிடுங்கள். தென்னை ஈர்க்கு நான்கு: 30, 24, 18, 12 சதமமீற்றர். முதலாவதின் ஒரு நுனியில் சுறா அட்டை, மறுநுனியில் இரண்டாம் ஈர்க்கு. அதில் தவளையும் மூன்றாம் ஈர்க்கும். அதில் குரங்கும் நான்காம் ஈர்க்கும். அதில் ஓணானும் கோழியும். ஐந்து அட்டையும் ஒரே மட்டத்தில் தொங்குமாறு நூலின் நீளத்தை வெட்டுங்கள்; எல்லாமே இன்று உயிரோடு இருப்பவை. காய்ந்த ஈர்க்கில் நூல் வழுகும், கத்தியால் சிறு வெட்டு, ஒரு சொட்டுப் பசை. சமநிலைக்கு நடு முடிச்சைப் பாரமான பக்கம் நகர்த்துங்கள்.

முதலில் வாக்கெடுப்பு: தவளைக்கு நெருங்கிய உறவு சுறாவா, குரங்கா? சுறா என்று அதிகம் வரும், இரண்டும் தண்ணீர் என்பதால். பிறகு ஈர்க்கைச் சுழற்றி, தவளை சுறாவுக்குப் பக்கத்தில் வரும்போது ஒரு தரமும் தள்ளிப் போகும்போது ஒரு தரமும் நிறுத்தி, பொது முன்னோர் முடிச்சு எது என்று கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடிச்சு மாறாது.

#25 சவ்வரிசி

இதற்கும் ஃபானை நிறுத்த வேண்டுமா சேர்?

#26 குடம்பி

இதற்கு மட்டும் போடுங்கள். ஒன்றாம் எண்ணில்.